பழைய புத்தகமா, மின்னூலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்பது: "ஏஐ எழுதாம, மனுசன் எழுதினதை எங்கண்ணே வாங்குறது?"

விலை: பழையது எனக்கு 5 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. மின்னூல் சிலது இலவசம்.

நம்பிக்கை: கேட்டதை எழுதித்தரும் ஏஐ, சாட்ஜிபிடி, வந்தது 2022 நவம்பரில். அதற்கு முன் அச்சானதென்றால் கவலையில்லை. என்னிடமுள்ள ஒன்றில் தோட்டத்து நூல்நிலைய முத்திரை. ஓரத்தில் பென்சிலில் யாரோ 'சுத்தப் பொய்' என்று கிறுக்கியிருக்கிறார். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலிலோ, ஏஐ எழுதியதென்றால் நூல் போடுகிறவர் அமேசானிடம் சொல்லவேண்டும். வாங்குகிற நம்மிடம் சொல்லும் கட்டாயமில்லை.

வசதி: கைப்பேசிதான். பழையதோடு கரையான் இலவசம்.

கதை, கவிதைக்குப் பழையது போதும். புதியவர்களைப் படிக்க மின்னூல்தான் வழி. ஆனால் மாதம் நாலு நூல் போடுகிறவர் பக்கமே நான் போவதில்லை.