தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கல் கடை: க்ரீம் கேட்டால் டப்பாவைத் திருப்பிக் காட்டுகிறார்கள்

முகத்துக்குப் போடுகிற சீரம், சன்ஸ்க்ரீன் எல்லாம் வாங்க வேண்டும் என்றால் நம்ம ஏரியா ஆட்கள் ஒன்று ஆப்பில் ஆர்டர் போடுகிறார்கள், இல்லை பஸ் பிடித்து ஏதாவது மாலுக்குப் போய், கழுத்தில் ஐடி கார்டு போட்ட பொண்ணு நீட்டுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ரெண்டுமே வேண்டாம். தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய மெடிக்கல் கடை இருக்கிறது. பெயரை எழுதவில்லை, காரணம் அங்கே கல்லாவில் இருக்கும் ஃபார்மசி படித்த அக்காதான்: "பேரெல்லாம் போடாதப்பா, அப்புறம் என்னை ஸ்கின் டாக்டர்னு நெனச்சிக்கினு வருவாங்க." சரி. ஆனால் அங்கே எப்படி விற்கிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படி ஒரு கடை உங்கள் தெருவிலும் இருக்கலாம், இல்லை என்றாலும் அவர் பார்ப்பதை நீங்களே பார்க்கலாம்.

அவர் முதலில் செய்வது டப்பாவைத் திருப்புவது. முன்பக்கத்தைப் பார்க்கவே விடமாட்டார். போன தடவை ஒரு காலேஜ் பையன் குங்குமப்பூ படம் பெரிசாகப் போட்ட ஜெல் ஒன்றை எடுத்தான். அக்கா பின்பக்கத்தைக் காட்டி விரலை வைத்தார். முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், அப்புறம் ஜெல்லைக் கெட்டியாக்கும் ஏதோ ஒன்று, அதற்கும் கீழே பினாக்ஸிஎத்தனால், அதையும் தாண்டித்தான் குங்குமப்பூ சாறு, அதை ஒட்டியே வாசனையும் கலர் நம்பரும். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். பினாக்ஸிஎத்தனால் என்பது கெட்டுப்போகாமல் இருக்கப் போடுவது, அதையே ஒரு சதவீதத்துக்கு மேல் போடமாட்டார்கள். அப்படியென்றால் அதற்குப் பின்னால் வருகிற குங்குமப்பூ எவ்வளவு இருக்கும்? கணக்கு அவ்வளவுதான். பையன் டப்பாவை வைத்துவிட்டு கிளிசரின் போட்ட சாதா மாய்ஸ்சரைசர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான், கடைக்கு அதில் லாபமும் கம்மிதான்.

கிளிசரின் பற்றி அவருக்குத் தனிப் பாசம். தோல் மேலே தண்ணீரைப் பிடித்து வைக்கிற வேலையை அது எத்தனையோ வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது, மலிவு என்பதால் யாரும் அதன் படத்தை டப்பாவில் போடுவதில்லை. இப்போது எல்லோரும் கேட்கிற ஹயலூரானிக் ஆசிட்டும் ஏறக்குறைய அதே வேலைதான் செய்கிறது, ஆசிட் என்று பெயர் இருந்தாலும் தோலை உரிக்காது. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றில் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கிறவர்களுக்கு இதையெல்லாம் கெட்டியான க்ரீமாக வாங்க வேண்டியதில்லை, ஜெல் போதும் என்பார். நாள் முழுக்க ஏசி ஆபீஸில் உட்காருகிறவர்களுக்குக் கதை வேறு, அவர்களுக்கு செரமைடு போட்ட க்ரீம் எடுத்துத் தருவார். தோலின் மேல் அடுக்கில் செல்களுக்கு நடுவே சாந்து மாதிரி இருக்கும் கொழுப்பு அது, குறைந்தால் தோல் வறண்டு எரிய ஆரம்பிக்கும்.

நியாசினமைடு கேட்டுத்தான் கூட்டம் அதிகம். வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். எண்ணெய் வழிவதைக் கொஞ்சம் குறைக்கும், பரு போன இடத்துக் கறுப்பை மெதுவாக மங்க வைக்கும், அதாவது நிறமியை உண்டாக்குவதைத் தடுக்காமல், உண்டான நிறமி மேல் செல்களுக்குப் போய்ச் சேருவதைக் குறைக்கும். ரெண்டு முதல் ஐந்து சதவீதமே போதும் என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன, கடைகளில் பத்து சதவீதம்தான் பெரிசாக நிற்கிறது, சிலருக்கு அது சிவந்து எரியும். இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒன்று. 1975-லிருந்து நம்ம வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியதே, அதில் பேசப்பட்ட சரக்கும் இதே நியாசினமைடுதான். அம்மா போட்டால் பழசு, கண்ணாடிப் பாட்டிலில் சொட்டு மருந்து மாதிரி வந்தால் சீரம்.

பருவுக்கு சாலிசிலிக் ஆசிட். எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள்ளே போய் அடைப்பை எடுக்கும், கரும்புள்ளி இருக்கிறவர்களுக்கு நல்லது. ஃபேஸ்வாஷாக வாங்கினால் ஒரு நிமிஷத்தில் கழுவி விடுகிறோம், அதனால் முகத்தில் தங்குகிற வகையில் ரெண்டு சதவீதம் வரை வாங்குவதுதான் உபயோகம் என்று அக்கா சொல்வார். சீழ் வைத்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதமே போதும், தலையணை உறையும் டவலும் வெளுத்துப் போகும் என்பதை மட்டும் முன்னாடியே எச்சரிப்பார். ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ வகைச் சரக்கு, கேட்டால் முதல் கேள்வி, "கர்ப்பமா, பிளான் இருக்கா?" ஆமாம் என்றால் பாட்டில் உள்ளே போய்விடும், கர்ப்பத்தில் அது கூடாது.

இந்தக் கடைக்கு நான் முழு மார்க் போடுவது இதற்காக அல்ல. ஒரு சாயங்காலம் ஒரு அம்மா வந்து, மகளுக்குக் கல்யாணம் என்று, பக்கத்து வீட்டில் யாரோ போட்டு வெளுத்த டியூபின் காலி அட்டையை நீட்டினார். அக்கா அந்த அட்டையைக் கல்லாவில் வைத்து, மூலையில் இருந்த ஆர்எக்ஸ் குறியைக் காட்டினார்.

"யக்கா, இது மருந்து, க்ரீம் இல்ல. சீட்டு இருக்கா?"

"சீட்டுலாம் எதுக்கும்மா, முகத்துக்குத்தானே."

"முகத்துக்குன்றதாலதான் கேக்கறேன்."

அட்டையில் இருந்தது மூன்று: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டாசோன். முதலாவது நிறத்தை வெளுக்க வைப்பது, ரெண்டாவது ரெட்டினாலின் இனம், மூன்றாவது ஸ்டீராய்டு. டாக்டர் மங்குக்கு கொஞ்ச காலம் எழுதிக் கொடுக்கிற கலவை, நம்ம ஊரில் வெள்ளையாவதற்கு மாசக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் பளிச்சென்றுதான் இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முடி வளர்ந்து, நிறுத்தினால் முகமே எரிந்து பரு கொட்டும், அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். இதைப் பார்த்துத்தான் 2018-ல் தோலில் பூசும் பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. விற்கிறவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். எல்லா ஸ்டீராய்டு பெயரையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு அக்கா சொன்ன வழி எனக்குப் பிடித்தது: பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டாசோன், இந்த மூன்றில் ஒன்று அட்டையில் இருந்தால் கீழே வை. அந்த அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவு ஓபிக்குப் போகச் சொல்லி அனுப்பினார், அங்கே காசும் வாங்க மாட்டார்கள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனார், எதிர்க் கடையில் வாங்கியிருக்கவும் கூடும்.

லேபிளே இல்லாமல் பியூட்டி பார்லரில் சின்ன டப்பாவில் நிரப்பிக் கொடுப்பதைப் பற்றியும் பேச்சு வந்தது. 2023-ல் கேரளாவில் மலப்புரத்தில் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது செய்தியில் வந்ததே, அதில் சந்தேகப்பட்டது பாதரசத்தை. நிறமி உருவாவதையே அது தடுக்கும், அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது, ஆனால் தோல் வழியாக உள்ளேயும் போகும். சீக்கிரம் வெளுக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது பயம்தான்.

சரி, குறைகள். பெரிய குறை, வைட்டமின் சி சீரத்தை முன்பக்கக் கண்ணாடி ஷெல்ஃபில் அடுக்கியிருக்கிறார்கள், மேற்கு வெயில் நேராக அடிக்கிறது. வைட்டமின் சி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சூட்டுக்கும் தாங்காது. நான் எடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே பால் ஊற்றாத டீ நிறம், அதாவது கெட்டுப்போனது. இவ்வளவு விவரம் தெரிந்த கடையில் இதை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை. சொன்னதும் உடனே எடுத்து உள்ளே வைத்தார், அடுத்த தடவை போனபோது அதே இடத்தில் வேறு பாட்டில். வைட்டமின் சி இங்கே வாங்காதீர்கள், அல்லது உள்ளே இருந்து எடுத்துத் தரச் சொல்லி நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சன்ஸ்க்ரீன் பக்கம் பரவாயில்லை. எஸ்பிஎஃப் 30 புற ஊதா பி கதிரில் 97 சதவீதத்தை நிறுத்தும், 50 என்றால் 98, அந்த ஒரு சதவீதத்துக்கு டபுள் காசு கொடுக்க வேண்டாம், பிஏ ப்ளஸ் எத்தனை என்று பார் என்பார், அது புற ஊதா ஏ கதிருக்கு. ரெண்டு விரல் நீளம் எடுத்துப் போட வேண்டும், பட்டாணி அளவு போட்டால் டப்பாவில் எழுதின நம்பர் கிடைக்காது. ஜிங்க் ஆக்சைடு அதிகம் இருக்கிற வகை நம்ம நிறத்துக்குச் சாம்பல் பூசின மாதிரி தெரியும், வெயிலைத் தடுக்க வேறு சரக்கு போட்டதை எடுத்துக் கையில் தடவிக் காட்டுவார், சாம்பிள் டியூப் வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள், சுகர் மாத்திரை வாங்குகிறவர்கள் வரிசை வாசல் வரை நிற்கும், அப்போது அக்காவுக்குப் பேச நேரமே இருக்காது. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. கல்லாவில் தம்பி இருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுப்பான்.