கிரப் பூட்லோடர் பழுதுநீக்கம்: பூட்-ரிப்பேரும் முனையமும்

விண்டோஸையும் உபுண்டுவையும் ஒரே கணினியில் நிறுவிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கணினி துவங்கும்போது எந்த இயங்குதளத்துக்குள் செல்வது என்று கேட்கும் பூட்லோடர் நிரல்தான் கிரப். இடையிடையே அதன் மெனு காணாமற்போகும்போதெல்லாம் பூட்-ரிப்பேர் என்ற வரைகலைக் கருவியையோ கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தையோ நாடியதில், எது எங்கே உதவும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

பயாஸ் என்ற பழைய துவக்க முறை கொண்ட கணினியில் பூட்-ரிப்பேர் நன்றாகவே கைகொடுத்தது. அங்கே கிரப்பின் முதல் பகுதி, வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட் துவக்கப் பகுதியான எம்பிஆரில் 446 பைட்டுக்குள் அடங்கியிருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அதன்மீதே எழுதிவிடும். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே இயங்குதளத்தை இயக்க உதவும் யுஎஸ்பியில்) உபுண்டுவைத் துவக்கி, இணையத்தில் இணைத்து, கருவியை நிறுவி, பரிந்துரைக்கப்படும் பழுதுநீக்கத்துக்கான பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடும்.

பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறை கொண்ட கணினியில் கதை வேறு. இரண்டு இயங்குதளங்களின் துவக்கக் கோப்புகளும் வட்டில் துவக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட இஎஃப்ஐ பகிர்வில் தனித்தனி அடைவுகளில் இருப்பதால், ஒன்று மற்றதை அழிப்பது அரிது. பெரும்பாலும் மாறுவது மதர்போர்டில் பதிவாகியுள்ள துவக்க வரிசைதான். மதர்போர்டு மென்பொருளின் ஒரு அப்டேட்டுக்குப் பின் என் மடிக்கணினி நேராக விண்டோஸுக்குள் சென்றது. லைவ் யுஎஸ்பியில் துவக்க வரிசையைக் காட்டும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (efibootmgr) கட்டளையை இயக்கிப் பார்த்தபோது உபுண்டுவுக்கான பதிவே பட்டியலில் இல்லை. ஆனால் இஎஃப்ஐ பகிர்வை மவுன்ட் செய்தால் (திறந்து பார்க்கும்படி இணைத்தால்) கிரப்பைத் துவக்கும் ஷிம் என்ற சிறு நிரலும் கிரப் கோப்புகளும் அப்படியே இருந்தன. அதே கட்டளையால் பதிவைச் சேர்த்ததும் மெனு வந்துவிட்டது. ஆகவே கிரப்பை மறுபடி நிறுவுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவதே நல்லது. ஒரு நிபந்தனை: லைவ் யுஎஸ்பியும் யுஇஎஃப்ஐ முறையில் துவங்கியிருக்க வேண்டும், லெகசி (பழைய பயாஸ்) முறையில் துவங்கியிருந்தால் இக்கட்டளை வேலை செய்யாது.

கோப்புகளே கெட்டிருந்தால், உபுண்டு நிறுவப்பட்ட ரூட் பகிர்வையும் இஎஃப்ஐ பகிர்வையும் மவுன்ட் செய்து, சிஎச்ரூட் (chroot) கட்டளை வழியாக அந்த உபுண்டுவுக்குள் சென்று கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் இயக்குவதையே விரும்புகிறேன்; எந்தப் படியில் பிழை வந்தது என்பது கண்ணெதிரே தெரியும். மெனு வந்தும் விண்டோஸ் மட்டும் அதில் இல்லையென்றால் பதறத் தேவையில்லை. கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து ஓஎஸ்-புரோபரைச் செயல்படுத்தலாம்.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்டுக்குப் பின் பலருடைய லினக்ஸ், எஸ்பேட் (SBAT, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் முறை) சரிபார்ப்பு தோல்வி என்ற செய்தியோடு நின்றது. அதற்கும் துவக்க வரிசைக்கும் தொடர்பில்லை. நம்பகமான நிரல்களை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் வசதியைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவுக்குள் சென்று, மோக்யூட்டில் (mokutil) என்ற கட்டளையால் எஸ்பேட் கொள்கையை நீக்கிச் சரிசெய்தார்கள். ஆனால் விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியில் செக்யூர் பூட்டைத் தொட்டால், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே வேறு கருவியிலோ தாளிலோ எடுத்து வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.