இல்லமா, உறவினர் வீடா: இரண்டு ஆய்வுகளும் காவிரிப் படுகையின் இரண்டு குழந்தைகளும்

கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். தகப்பன் சாலை விபத்திலும் தாய் நோயிலும் போய்விட்டார்கள். ஒன்பது வயதுப் பெண்ணும் ஒன்றரை வயதுப் பையனும் அம்மாச்சியிடம் இருக்கிறார்கள். அம்மாச்சிக்கு நடவும் களையெடுப்பும் கொடுக்கிற கூலியும் ரேஷன் அரிசியும்தான் வழி. அடுத்த ஊரில் குழந்தைகள் இல்லம் ஒன்று உண்டு. அங்கே மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கையும் பள்ளிக்கூடமும் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளையும் இல்லத்தில் சேர்ப்பதா, அம்மாச்சியிடமே விட்டுவிட்டு மாத நிதி ஆதரவுக்கு ஏற்பாடு செய்வதா என்ற கேள்வி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளரிடம் வருகிறது. சமூக விசாரணையை முடிக்க அவருக்கு 15 நாள் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று சட்டப்படி முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழு நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த 15 நாளில் ஆய்வு நூல்கள் அவருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே இங்கே பேசப்போவது.

சட்டம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. குழந்தையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகச் சொல்கிறது. மாற்றுப் பராமரிப்பு குறித்து 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் அதே திசையில்தான் நிற்கின்றன. ஆனால் எந்தக் குழந்தைக்கு, எந்த வயதில், எப்படிப்பட்ட வீட்டில் கடைசி வழி வந்துவிட்டது என்று சட்டத்தின் வாசகம் சொல்லாது. அதைக் கேட்டுத்தான் ஆய்வுகளிடம் போகிறோம். போனால், முதல் பார்வையில் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும் இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரே நிற்கின்றன.

முதலாவது ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் நடந்தது. அங்குள்ள காப்பகங்களில் இருந்த, 6 மாதம் முதல் 31 மாதம் வரை வயதுள்ள 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான காப்பகப் பராமரிப்பு தொடர்ந்தது. நான்கரை வயதில் அளந்தபோது காப்பகக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 73 அளவிலும், வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுடையது 81 அளவிலும், தொடக்கம் முதல் சொந்த வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளுடையது 109 அளவிலும் இருந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். எவ்வளவு சிறு வயதில் குடும்பத்துக்கு மாறினார்களோ அவ்வளவு பயன் கூடியது. ஒரே மடியில் ஒட்டி வளராத சிசு மூளை வளர்ச்சியிலேயே பின்தங்குகிறது என்பதை இதைவிட அழுத்தமாக யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது ஆய்வு கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. இந்தியாவில் ஹைதராபாதும் நாகாலாந்தும் அதன் களங்கள். பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட, 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளில் இல்லங்களில் இருந்த 1,357 பேரையும் ஊரில் குடும்பங்களோடு இருந்த 1,480 பேரையும் ஒப்பிட்டு, உடல்நலத்திலும் மனநிலையிலும் கற்றல் திறனிலும் இல்லப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கவில்லை என்று 2009இல் அறிவித்தார்கள். மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து 2014இல் எழுதியபோது இன்னொன்றும் தெளிவாயிற்று: இல்லங்களுக்குள்ளேயும் வீடுகளுக்குள்ளேயும் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வேறுபாடு, இல்லத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைவிடப் பெரியது.

இந்த இரண்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை மறுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இல்லம் நடத்துபவர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள். இல்லங்களை மூட வேண்டும் என்பவர்கள் முதலாவதைச் சொல்கிறார்கள். உண்மையில் இரண்டும் சண்டையிடவில்லை. முதலாவது பால்குடி மறவாத குழந்தைகளைப் பற்றியது. இரண்டாவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றியது. முதலாவதில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பணமும், அடிக்கடி வீடு தேடி வந்து துணைநின்ற சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். ஆகவே அங்கே வென்றது தனித்து விடப்பட்ட குடும்பம் அல்ல, தாங்கிப்பிடிக்கப்பட்ட குடும்பம். இரண்டாவதிலோ, இல்லத்தோடு ஒப்பிடப்பட்டவை பெரும்பாலும் எந்தத் தாங்கலும் இல்லாமல் தவித்த உறவினர் வீடுகள். மாதா மாதம் நிதி ஆதரவு கையில் வரும் அம்மாச்சியையும், ஒன்றும் வராத அம்மாச்சியையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணினால் முடிவு வேறு எப்படி இருக்கும்?

ஆகவே நம் கேள்விக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதுப் பையன் விஷயத்தில் ஆய்வு தயங்கவில்லை: அவனை இல்லத்துக்கு அனுப்பக் கூடாது. ஒன்பது வயது அக்காளின் விஷயத்தில் இல்லம் என்றாலே தீங்கு என்று சொல்ல ஆய்வில் இடமில்லை; நல்ல இல்லம் மோசமான வீட்டைவிட நல்லதாக இருக்கக்கூடும். ஆனால் அம்மாச்சியின் வீடு மோசமானதா, ஏழை வீடா? ஏழ்மையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையை எடுப்பது பணத்தால் தீர்க்கக்கூடிய ஒன்றைப் பிரிவால் தீர்க்க முயல்வதாகும். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவின் நிதி ஆதரவு கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வரும் 8,000 ரூபாய் கூலிக்காரக் குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. மேலும் அக்காளை மட்டும் இல்லத்தில் சேர்த்தால் தம்பிக்கு இருந்த இன்னொரு மடியும் போய்விடும்.

இல்லத்தின் பக்கம் நியாயம் வலுக்கும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. வீட்டிலேயே அடியோ பாலியல் தொல்லையோ இருந்தால், குடும்பம்தான் உயர்ந்தது என்ற கொள்கை பிள்ளையைக் குற்றவாளியிடமே திருப்பி அனுப்பிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்தில் வீடிழந்த குடும்பங்களிலிருந்து சிறுவர்களை ஆடு மேய்க்கக் கொத்தடிமையாக விட்ட செய்திகள் வந்தன. அந்த நேரத்தில் பாதுகாப்பான ஒரு கூரை உடனே தேவைப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தபோது அரசு அங்கே காப்பகம் திறந்ததும் அப்படியொரு தேவையால்தான். பேரிடருக்கான ஏற்பாடு வறுமைக்கான ஏற்பாடாக நிலைத்துவிடுவதுதான் எனக்குக் கவலை. மூன்றாவது வழியான வளர்ப்புப் பராமரிப்புக்குச் சட்டம் இடமளித்தாலும், முன்பின் தெரியாத குடும்பத்தில் பிள்ளையை விடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் வேரூன்றவில்லை. அத்தை, சித்தி, தாய்மாமன் என்று உறவுக்குள் போவதே இங்கே இயல்பு.

இரண்டு ஆய்வுகளும் சொல்லாத ஒன்றை இந்த மண் சொல்கிறது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான். கோடை முழுதும் வயலில் வேலையில்லாமல் கை வறண்டிருக்கும்போது நோட்டுக்கும் பைக்கும் சீருடைத் தையலுக்கும் செலவு வந்து நிற்கிறது. குறுவை நடவுக் கூலி அதற்குப் பிறகுதான் வரும். பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் முடிவுகள் இந்த இடைவெளியில் குவிகின்றனவா என்று பார்ப்பது கடினமான ஆய்வு அல்ல. இல்லங்களின் சேர்க்கைப் பதிவேட்டைப் பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு ஐந்தாண்டுக்கு மாதவாரியாக அடுக்கினால் போதும். அப்படிக் குவிந்திருந்தால், நிதி ஆதரவு விண்ணப்பங்களுக்கு ஏப்ரலுக்குள் ஒப்புதல் தந்தாலே பல சேர்க்கைகளைத் தவிர்க்கலாம். புக்கரெஸ்டில் இருந்து யாரும் இதை நமக்குச் சொல்லப்போவதில்லை. நம் அலகுகளில் வேலை செய்பவர்கள்தான் எண்ண வேண்டும்.

விசாரணை அறிக்கை எழுதும் விதமும் இதனால் மாற வேண்டும். குடும்பம் வறுமையில் உள்ளது, பராமரிக்க இயலாது என்று இரண்டு வரியில் முடியும் அறிக்கையால் குழு எதையும் எடைபோட முடியாது. பையனைப் பகலில் யார் தூக்கி வைத்திருக்கிறார்கள், அம்மாச்சி நடவுக்குப் போகும் நாளில் அவன் அங்கன்வாடியிலா அக்காளின் இடுப்பிலா இருக்கிறான், அதனால் அக்காள் எத்தனை நாள் பள்ளியைத் தவறவிட்டாள், அம்மாச்சி படுத்துவிட்டால் அடுத்துப் பொறுப்பேற்கும் உறவினர் யார் என்ற கேள்விகள் அந்த இரண்டு ஆய்வுகளிலிருந்தும் நேராக இறங்கி வருபவை. இந்த வீட்டைப் பொறுத்தவரை என் பரிந்துரை இதுதான்: இருவரும் அம்மாச்சியிடமே இருக்கட்டும், இருவர் பெயரிலும் நிதி ஆதரவு கிடைக்கட்டும், அம்மாச்சிக்கு முடியாமல் போனால் பொறுப்பேற்கும் உறவினரின், தாய்மாமன் இருந்தால் அவரின், ஒப்புதலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும், முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை, நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் இருமுறை, பணியாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.