மியூசிக் பிளேயர் வாங்கப் போறவை கவனம்: 38,500 ரூபா போச்சு

கோவம் ஆற முதல் எழுதுறன். 38,500 ரூபா. யாழ்ப்பாண நகரத்துக்குள்ள இருக்கிற ஒரு போன் கடை. பேர் இப்ப எழுதேல்லை.

அப்பாவிட்டப் பழைய கசெற்றுகள் கனக்க. இணுவில், அளவெட்டி, மாவிட்டபுரம் எண்டு கோயில் கோயிலாத் திரிஞ்சு பதிஞ்ச நாதஸ்வரக் கச்சேரியள். 1975இல காலமான தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின்ர வாசிப்பும் ஆரோ தந்த ரீல் நாடாவில இருந்து எடுத்தது கிடக்கு. எல்லாத்தையும் கொம்பியூட்டருக்கு மாத்தினன். சுருக்காத ஒலிக்கு நிமிசத்துக்குப் பத்து எம்பி வேணும். 90 நிமிசக் கசெற் ஒண்டு 900 எம்பிக்குக் கிட்ட. தரம் குறையாமல் சுருக்கிற ஃபிளாக் (FLAC) கோப்பா ஆக்கினால் பாதியளவுக்கு வரும். அப்பவும் 100 ஜிபிக்கு மேல கொள்ளுற பிளேயர்தான் சரி.

கடையில மூண்டு சாமான் வைச்சுக் காட்டினாங்கள். ஒண்டு பாவிச்ச ஐபாட் கிளாசிக், 160 ஜிபி. ஆப்பிள் 2014இலயே நிப்பாட்டினது. உள்ளுக்கைச் சுத்துற ஹார்ட் டிஸ்க், ஃபிளாக்கும் பாடாது. மற்றது சோனி வோக்மன், மெமரி காட் வேறயா வாங்கிப் போடவேணும், விலையும் கூட. மூண்டாவதுதான் இது: நான் கேள்விப்படாத பேர், "உள்ளுக்கையே 512 ஜிபி".

நிண்ட பொடியன் ஐபாட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. "அண்ணை, டிஸ்க் எப்ப நிக்கும் எண்டு சொல்லேலாது, பற்றரியும் பழசு, நான் உங்களுக்கு அதைத் தரமாட்டன்." லாபத்தை விட்டுட்டுக் கதைக்கிறான் எண்டுதான் ஆருக்கும் படும். பிறகு புதுசை லப்டொப்பில கொழுவி அளவைக் காட்டினான். 476 ஜிபி. 512க்கு விண்டோஸ் அப்பிடித்தான் காட்டும், சரியான கணக்கு. என்ர பென்ட்ரைவில இருந்து ரெண்டு பாட்டு ஏத்தி என்ர காதிலயே போட்டுக் காட்டினான். "அப்பாவுக்கோ அண்ணை? அப்ப நல்ல சாமானாத்தான் குடுக்கவேணும்." அந்தச் சொல்லுக்குத்தான் 38,500 ரூபாயை எண்ணி வைச்சனான்.

வீட்டில ஏத்தினன். முதல் கொஞ்சம் அருமையாப் பாடிச்சுது. அதுக்குப் பிறகு கோப்பின்ர பேர் இருக்கு, அளவு இருக்கு, சத்தம் இல்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) எண்டு, இடத்தை நிரப்பி உண்மையான அளவைச் சோதிக்கிற மென்பொருள் இருக்கு, அதைப் போட்டுப் பாத்தன்: உண்மையான இடம் 29 ஜிபி சொச்சம். 32 ஜிபி சிப்பில 512 எண்டு பொய் சொல்லுற மாதிரி மென்பொருளை மாத்தியிருக்கிறாங்கள். சின்னக் கானில பெரிய தாங்கியின்ர அளவை எழுதி ஒட்டினமாதிரி. நிரம்பினாப் பிறகு எழுதுறதெல்லாம் போச்சு, பிழை எண்டும் காட்டாது. கடையில ரெண்டு பாட்டோட நிப்பாட்டினது ஏன் எண்டு இப்ப விளங்குதோ?

இதில எனக்குத் தாங்கேலாதது என்னெண்டால், அப்பா தன்ர பதிவுகள்தான் பழுதாப் போச்சு எண்டு நினைச்சு, என்னட்டச் சொல்லாமல் பேசாமல் இருந்திருக்கிறார்.

திருப்பிக் கொண்டுபோனால் "நீங்கள் போமட் பண்ணியிருப்பியள்" எண்டான். அடுத்த முறை "முதலாளி கொழும்பு போட்டார்". பிறகு "கொம்பனிக்கு அனுப்பவேணும், வைச்சிட்டுப் போங்கோ". அதுக்குத் துண்டு எழுதித் தரச் சொன்னால் ஏலாதாம். வாட்ஸ்அப்பில ரெண்டு நீலக் கோடு விழுது, பதில் இல்லை. கடைசியா முதலாளியே வந்து, "தம்பி, 32 ஜிபியிலயும் கனக்கப் பாட்டுப் பிடிக்கும்தானே" எண்டார். 38,500 ரூபா வாங்கின வாயால!

எதைத் தெரிவுசெய்யிறது எண்டு விரிவா எழுதத்தான் இருந்தனான், இப்ப முடியேல்லை. இதை மட்டும் பாருங்கோ: பேர் தெரியாத பிளேயரில பெரிய ஜிபி எண்டால் எச்2டெஸ்ட்டபிள்யூவால முழுக்க நிரப்பிச் சோதிக்காமல் ஏற்காதேங்கோ, நேரமெடுக்கும், எடுக்கட்டும். லப்டொப்பில காட்டுற அளவை நம்பாதேங்கோ. பில்லில "512 ஜிபி" எண்டு எழுதுவியுங்கோ. மெமரி காட்டிலயும் இதே கள்ளம் நடக்குது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின்ர இலக்கம் 1977. வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும். நான் குடுக்கிறன். இதேமாதிரிச் சாமான் வாங்கின ஆக்கள் இருந்தால் பில்லைப் படமெடுத்து அனுப்புங்கோ, சேர்த்தே குடுப்பம்.