சுவை சேர்க்காத அமினோ அமிலப் பொடி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிறந்ததிலிருந்து நான் அசைவம் தொட்டதில்லை. பாலும் தயிரும் மட்டும் இருந்தன. அவற்றையும் நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டேன். தயிரோடு சேர்ந்து என் தட்டிலிருந்து எவ்வளவு புரதம் போனது என்று அப்போது கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து பிள்ளைகளைத் தூக்க வேண்டும். ஓராண்டு போவதற்குள், தேக்காச் சந்தையில் வாங்கிய காய்கறிப் பையோடு வீடு வந்து சேர்வதே பெரும்பாடாகிவிட்டது.

பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பி12 குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை தந்தார்கள். உணவியல் நிபுணர் மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னார். எழுதியதைப் படித்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது. காலையில் ரொட்டி, மதியம் சோறும் ரசமும் ஒரு பொரியலும், இரவில் உணவங்காடி நிலையத்தில் வாங்கிய சைவ பீஹூன், அதாவது அரிசிச் சேமியா. வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் மூன்று வேளையும் தானியம்தான்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் நம் உடலால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாதவை 9. அரிசியிலும் கோதுமையிலும் இந்த ஒன்பதில் ஒன்றான லைசின் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இட்லியில் அரிசியும் உளுந்தும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுவது இப்படித்தான். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு நாளுக்குள் உண்டால் போதும். உலகச் சுகாதார நிறுவனம் முதலான அமைப்புகள் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை என்கிறது. நான் 56 கிலோ. எனக்கு 1,680 மில்லிகிராம். 100 கிராம் சோற்றில் இருப்பது ஏறத்தாழ 100 மில்லிகிராம். அதே அளவு வெந்த மசூர் பருப்பில் 600-க்கும் மேல். தெளிவாக இறுத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, அமினோ அமிலப் பொடி வாங்க முடிவெடுக்க இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது.

முதலில் நான் வாங்கியது தவறான டப்பா. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பிசிஏஏ பொடி, தர்பூசணிச் சுவை. அதில் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று மட்டுமே உண்டு. எனக்குக் குறைவாக இருந்த லைசின் அதில் துளியும் இல்லை. செயற்கை இனிப்பு சேர்த்தது. குடித்த நாளெல்லாம் வயிறு உப்பியது. இரண்டாவதாக வாங்கிய குப்பியில் ஒன்பதும் இருந்தன, ஆனால் மாத்திரை உறை ஜெலட்டின். விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. உள்ளே இருப்பதைப் படித்த நான் உறையைப் படிக்கவில்லை. இன்றுவரை அந்தக் குப்பியை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

அதற்குப் பிறகுதான் பொடி எதிலிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். தாவர உணவுக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமினோ அமிலங்களை வாத்து இறகு, தலைமுடி போன்றவற்றை அமிலத்தில் சிதைத்தும் எடுக்க முடியும். அப்படி எடுத்த சரக்கு சந்தையில் உண்டு. மற்றொரு வழி நொதித்தல். 1950-களில் ஜப்பானில், குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தைச் சுரக்கும் ஒரு மண் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அந்த இனத்தைக் கொண்டே இன்று சோளம், கரும்பு, மரவள்ளி ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து லைசின் முதலானவற்றைத் தயாரிக்கிறார்கள். டப்பாவில் ‘தூய்மையானது’ என்று எழுதியிருப்பது இதற்குப் பதில் ஆகாது. இறகிலிருந்து எடுத்ததும் வேதியியல்படி தூய்மையாகவே இருக்கும். நான் இரண்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒன்று சோள நொதித்தல் என்று எழுத்தில் பதில் தந்தது. மற்றது பதில் தரவே இல்லை. பதில் தந்ததையே மூன்று ஆண்டுகளாக வாங்குகிறேன்.

சிங்கப்பூரில் இத்தகைய சத்துப் பொருள்கள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. பாதுகாப்புக்கான பொறுப்பு விற்பவருடையது. அதனால் ஒவ்வொரு தொகுதியையும் வெளியார் சோதித்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்பது அமிலங்களின் அளவும் தனித்தனியாக அச்சாகியிருக்க வேண்டும். ‘சிறப்புக் கலவை 8 கிராம்’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இன்னொரு நுணுக்கம்: பட்டியலில் லைசின் ஹைட்ரோகுளோரைடு என்றிருந்தால், ஒரு கிராமில் உண்மையான லைசின் 0.8 கிராம்தான். சில டப்பாக்களில் கலோரி பூஜ்யம் என்றும் இருக்கும். நம்ப வேண்டாம், அமினோ அமிலத்துக்கும் புரதத்தைப் போலவே கிராமுக்குச் சுமார் 4 கலோரி.

சுவையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். கசக்கும். மெத்தியோனினால் லேசான கந்தக வாடையும் உண்டு. லியூசின் தண்ணீரில் எளிதில் கரையாது, மேலே மிதக்கும். அதைக் கலக்கச் செய்யச் சூரியகாந்தி லெசித்தின் சேர்க்கிறார்கள். பல மாதம் பலவற்றில் கலந்து பார்த்து, கடைசியில் நிலைத்தது எலுமிச்சைச் சாறு, உப்பு, தட்டிய இஞ்சி. புளிப்பும் உப்பும் கசப்பைத் தணிக்கின்றன. வெறும் வயிற்றில் முழுக் கரண்டி குடித்த முதல் வாரம் குமட்டலும் பேதியும் வந்தன. இப்போது அரைக் கரண்டி, அதுவும் சாப்பாட்டோடு. நம் ஊர் ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் சில நாளில் கட்டிதட்டிவிடும். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள்; வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோர்க்கும். நான் சிறிய எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைக்கிறேன்.

பலன் இருந்ததா? கையில் வலு திரும்பியது. ஆனால் அதே காலத்தில் சமூக மன்றத்தில் எடை தூக்கும் பயிற்சியில் சேர்ந்தேன், பி12 எடுத்தேன், பருப்பைக் கெட்டியாக வைக்க ஆரம்பித்தேன். எல்லாப் பெருமையையும் பொடிக்குக் கொடுப்பது நேர்மையாகாது. முடி உதிர்வு மாறவில்லை.

அம்மா ஒருநாள் கேட்டார்: “பருப்பு இருக்கும்போது இந்தக் கசப்பு எதற்கம்மா?” அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. இரண்டாம் ஆண்டில் மூன்று மாதம் பொடியை நிறுத்திப் பார்த்தேன். மதியம் டெம்பே (நொதித்த சோயா) அல்லது தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி), இரவில் கெட்டிச் சாம்பாரோ சுண்டலோ. எந்தக் குறையும் தெரியவில்லை. டெம்பேயில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம் புரதம், அத்துடன் நார்ச்சத்து, இரும்பு. பொடி எனக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை வெள்ளி ஆகிறது. ஒரு பொட்டலம் டெம்பே அந்தப் பொடியைவிட அதிகப் புரதம் தரும். சமைக்க நேரமும் பசியும் உள்ளவர்கள் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும்.

எனக்குப் பொடி இன்னும் தேவைப்படும் நாள்கள் உண்டு. பள்ளி ஆண்டு விழா வாரம், விரத நாள்கள், காய்ச்சலில் கஞ்சி மட்டும் இறங்கும் நாள்கள். அப்போது மட்டும் அரைக் கரண்டி.

ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் இந்தப் பொடியைத் தொடக் கூடாது. ஃபீனைல்அலனின் இதில் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், நடுக்குவாதத்துக்கு லெவோடோபா என்ற மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். என் பெரியப்பாவுக்கு லெவோடோபா உண்டு. அவர் ஆசையாகக் கேட்டபோதும் நான் கொடுக்கவில்லை. அவருடைய மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பட்டியலைப் படம் எடுத்து மட்டும் அனுப்பினேன்.