டிரம்மர் எங்கே நகரலாம்: ஆல்பம் தயாரிப்பா, திரையிசையா?

ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுக்கு டிரம்ஸ் வாசித்த இருவர் இரு வேறு திசையில் போனார்கள். அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவில் இருந்த நாரதா மைக்கேல் வால்டன் பாடல் தயாரிப்பாளரானார். 1985-இல் அரேதா ஃபிராங்க்ளின், 1987-இல் விட்னி ஹூஸ்டன் என அவர் கைபட்டவை பெரும் வெற்றி. மும்பையின் ரஞ்சித் பரோட் திரையிசைக்கும் வந்தார். 1997-இல் தமிழில் 'வி.ஐ.பி' அவர் இசை.

ஆல்பம் தயாரிப்பாளருக்கு எல்லாமே குரல்தான். பாடகருக்கு ஏற்ற சுருதியைப் பிடித்து, பலமுறை பாடிப் பதிந்த டேக்குகளிலிருந்து வரிவரியாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். டிரம்மர்கள் வழுக்குவது ஒலிகளின் அளவைச் சமன்செய்யும் மிக்ஸிங்கில்: ஸ்னேர் டிரம்மின் ஒலியை ஏற்றிவிட்டால் பாடல் வரிகள் மங்கிப் போகும்.

திரையிசையில் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஓர் அடி அரை நொடி, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 12 ஃபிரேம். இசை முடிந்தபின் எடிட்டர் 6 ஃபிரேம் வெட்டினால், காட்சியின் கடைசியில் கன்னத்தில் விழும் அறை, தாளத்திலிருந்து அரை அடி தள்ளி விழும். 20 நொடிக் காட்சியின் 40 அடிகளை 19.75 நொடிக்குள் அடக்க, வேகத்தை 121.5 ஆக்கினால் போதும். காதுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் வயலின் குழு ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தால் இது சுலபமில்லை. அதனால் இறுதி வெட்டு வரும்வரை நேரடி வாத்தியங்களைப் பதியக்கூடாது.

லயம் ஊறியவருக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை. சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஹார்மனிதான் இடிக்கும், திரைக்கு வருபவர் கீபோர்டை முதலில் கற்கட்டும்.