முதுமை ஆய்வுகளைத் தேட பப்மெட்: ஏஜ் ஃபில்டரை நம்பலாமா?

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடுதளம் பப்மெட். முதியோர் மருத்துவக் கட்டுரைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் இடப்பக்கம் இருக்கும் வயது ஃபில்டரில் பலர் ஏமாறுகிறார்கள்.

'65+' என்று டிக் செய்தால், மெஷ் குறிச்சொல் (கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட நூலகம் தன் நிலையான சொற்பட்டியலிலிருந்து இடும் சொல்) ஏறிய கட்டுரைகள் மட்டுமே நிற்கும். அந்தக் குறிச்சொல் இன்னும் ஏறாத கட்டுரை, அது எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும், காணாமல் போய்விடும். அதனால் ஃபில்டரைத் தொடாதீர்கள். 'ஏஜ்டு' என்ற மெஷ் சொல்லையும், 'ஓல்டர்', 'எல்டர்லி' போன்ற சொற்களை டைட்டில், அப்ஸ்ட்ராக்டில் தேடும் வரியையும் 'ஆர்' (OR) போட்டு இணையுங்கள். 'ஏஜ்டு' ஆய்வில் பங்கேற்றவரின் வயதைச் சொல்வது. 'ஏஜிங்' மூப்படைதல் என்ற நிகழ்வு. இரண்டையும் குழப்பினால் எலி ஆய்வுகள் வந்து குவியும்.

'ஃப்ரெய்ல்டி' (முதுமைத் தளர்ச்சி) மெஷ்ஷில் சேர்ந்தது 2018-ல்தான். பழையவற்றுக்கு 'ஃப்ரெய்ல் எல்டர்லி' என்றும் தேட வேண்டும். சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டால் நாம் தட்டும் சொல்லுக்கு ஏற்ற மெஷ் சொல்லைப் பப்மெட் தானாகவே சேர்த்துத் தேடுவது நின்றுவிடும், கவனம்.

பப்மெட்டில் இருப்பதாலேயே தரமான இதழ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பப்மெட்டின் முக்கியத் தொகுப்பான மெட்லைனில் சேர்க்க இதழ்களைத் தனியாக மதிப்பிடுகிறார்கள். பிஎம்சி (பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியம்) வழியாக வருபவற்றில் அந்தச் சல்லடையில் சலிக்கப்படாதவையும் உண்டு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் பதிவின் மேலேயே அறிவிப்பு தெரிகிறது. இதற்காகவே பிடிஎஃப்பை மட்டும் வாங்கிப் படிக்காமல் பதிவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.